டைம்பீஸ் ஒளித்த வீடு

குடிநீர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'டைம்பீஸ் தேடியது, ஆறு வருடம்' என்று எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். குறும்பா, திமிரா என்று அவருக்குப் புரியவில்லை. போகட்டும் என்று முத்திரையைக் குத்திவிட்டார்.

குறும்பும் இல்லை, திமிரும் இல்லை. தரைக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காதால் கேட்டுச் சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. தலையில் இரண்டு மணி வைத்த ஒரு டைம்பீஸையும், சொந்த அண்ணன் என்கிற ஒரு புளுகனையும் வைத்துக்கொண்டு கற்றது அது. விளையாட்டில் பொழுதைப் போக்குகிற பிள்ளை உருப்படாது என்று யாராவது அவள் எதிரில் சொல்லிவிட்டால் போதும், இருபத்தெட்டு வருட சர்வீஸை எடுத்து மடியில் போட்டுவிடுவாள்.

அந்த சர்வீஸ்தான் இப்போது கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. போன வாரம் அவள் குறித்துக் கொடுத்த இரண்டு இடங்களில் தோண்டிப் பார்த்தார்கள். இரண்டும் காய்ந்த குழி. அலுவலகத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்கு உறைத்தது. மூன்றாவதும் காய்ந்தால் தன்னைக் கொண்டுபோய்ப் புகார் மனு வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த லட்சணத்தில் செவ்வாய்க்கிழமை காலை அவள் கைக்கு வந்த வேலைச் சீட்டில் இருந்தது அண்ணன் வீட்டு முகவரி. அதாவது அவள் பிறந்து வளர்ந்த வீடு.

வேன் போய் நின்றபோது அண்ணன் வாசலில் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றிருந்தான். தையல்காரன். முன்னறைதான் கடை. வெட்டு மேசை, இரண்டு மெஷின், ஆளுயரக் கண்ணாடி. சுவரின் அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிக் காரை பொரிந்திருந்தது. ஒரு மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல் கிளம்பியிருந்தது.

"வா, எலிக்காது. சொந்த வீட்டுக்கு வர்றதுக்குக் குழாய் உடைய வேண்டியிருக்கு ஒனக்கு," என்றான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள். அவளுக்கு முன்பே வந்துவிட்ட பொறியாளர் முன்னறை மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தார். வயதில் அவள் மகன் மாதிரி, பதவியில் மேலே. தோசைக்கல் அளவு உலோகத் தட்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதிலிருந்து போகிற நீளமான ஒயரின் மறுமுனையில் இருந்த கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரைக்கு அடியில் வருகிற சத்தத்தைத் தட்டு பிடிக்கும். எவ்வளவு பெரிய சத்தம் என்று கருவியின் முள் காட்டும். ஹெட்போனை மாட்டினால் அதையே காதாலும் கேட்கலாம்.

"அக்கா, வாங்க. வேலை ஈஸி. இங்க வெச்சா முள்ளு கடைசிக்குப் போயிடுது. தெருவுல எங்க வெச்சாலும் இதுல பாதிகூட இல்ல. ஒழுகறது இங்கதான். மத்தியானத்துக்குள்ள உடைச்சுடலாம்," என்றார்.

தட்டு இருந்தது தரையில் தனியாகத் தெரிந்த ஒரு கறுப்புச் சதுரத்தின் மேல். அதைப் பார்த்ததும் அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களுடைய அப்பா மொசைக் தரை போடும் தொழிலாளி. ஊரார் வீட்டுக்கெல்லாம் ஒரே நிறத்தில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, மிச்சம் விழுகிற கல் துகள்களைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பச்சை, வெள்ளை, கருஞ்சிவப்பு, மஞ்சள் என்று டப்பா டப்பாவாகச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலிட்டு, மூன்று வருடம் எடுத்துக்கொண்டு இந்த முன்னறையைப் போட்டு முடித்தார். ஒரு சதுர அடி இன்னொரு சதுர அடி மாதிரி இருக்காது. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இந்தத் தரைக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

மூலையில் ஒரே ஒரு இடம், இரண்டு அடிக்கு இரண்டு அடி, கறுப்பாக இருக்கும். அவள் அந்தச் சதுரத்தை மிதிக்க மாட்டாள். சிறுமியாக இருந்த நாளிலிருந்து சுற்றிக்கொண்டுதான் போவாள். அது அவளால் வந்த வினை.

டைம்பீஸ் விளையாட்டின் விதிகள் எளிமையானவை. பள்ளி விடுமுறை. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள். தேடுகிறவர் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று நூறு எண்ண வேண்டும். ஒளிக்கிறவர் ஓடிக்கொண்டிருக்கும் டைம்பீஸை வீட்டுக்குள் எங்காவது வைத்துவிட்டு வரவேண்டும். பிறகு கட்டை அவிழ்க்காமலே, காதை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். ஒளித்தவர் பொய் சொல்லலாம், திசை திருப்பலாம், இருமலாம். அதெல்லாம் விதிக்கு உட்பட்டது. அண்ணன் விதிக்கு உட்பட்டே அவளை உண்டு இல்லை என்று ஆக்குவான்.

ஒருநாள் அவள் சமையலறைக் குழாயில் காதை ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். குழாய் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. திறந்தாள், மூடினாள், தொட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். கடைசியில் பார்த்தால் டைம்பீஸ் கொல்லையில், குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில், கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. சத்தம் இரும்புக் குழாய் வழியாக நடந்து வந்து சமையலறையில் ஆர்ப்பாட்டம் பண்ணியிருக்கிறது. அண்ணன் தரையில் உருண்டு சிரித்தான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டாள்.

கடித்த பிறகு யோசித்தாள். சத்தம் பெரிதாகக் கேட்கிற இடத்தில் பொருள் இருக்கும் என்று நம்பியதுதான் தப்பு. அப்படியானால் எதை நம்புவது? டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கேட்டாள். அதற்கு இரண்டு சத்தம் இருந்தது. ஒன்று எல்லாருக்கும் கேட்கும் டிக். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெல்லிசாக ஒரு 'ச்'. டிக் கட்டிலில் ஏறும், சுவரில் போகும், குழாயில் பயணம் செய்து எங்கேயோ போய்ப் பெரிதாகும். 'ச்' சோம்பேறி. பிறந்த இடத்தைவிட்டு இரண்டு முழம் நகராது. அதற்குப் பிறகு அவள் பெரிய சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. 'ச்' எங்கே என்று மட்டும் தேடினாள். அண்ணனின் வண்டவாளம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. மாவு டப்பாவுக்குள், அப்பாவின் சட்டைப் பைக்குள், ஒருமுறை அவன் வயிற்றிலேயே கட்டிக்கொண்டு கூடவே நடந்தபோதும் பிடித்துவிட்டாள்.

ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வாரம் ஓடுகிற அந்த டைம்பீஸ் அவளுடைய பதினொன்றாவது வயதில் தொலைந்தது. அண்ணன் ஒளித்தான், அவள் தேடினாள், கிடைக்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்து கேட்டபோது, "எங்க வெச்சேன்னு மறந்துபோச்சுப்பா," என்றான். அப்போது தரை முடிகிற தறுவாயில் இருந்தது. மூலையில் மிச்சமிருந்த பள்ளத்தை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பா பூசி முடித்தார். அவள் மூன்று நாள் வீடு முழுக்கக் காதை வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த மூலையில், தரைக்கு அடியிலிருந்து, டிக், டிக். பூசுவதற்கு முன்னால் பள்ளத்துக்குள் விழுந்திருக்க வேண்டும் என்றாள்.

அப்பா குனிந்து கேட்டார். அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை.

"அந்த சின்னச் சத்தமும் கேக்குதாம்மா?" என்று கேட்டார்.

கேட்கவில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்கிற ஆசை அவளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. "கேக்குதுப்பா," என்றாள்.

அப்பா உளியை எடுத்துவந்து, மூன்று வருடம் போட்ட தரையைத் தன் கையாலேயே உடைத்தார். டைம்பீஸ் அங்கே இல்லை. அவள் அழுதுகொண்டே உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். டப்பாவில் மிஞ்சியிருந்தது கறுப்புத் துகள் மட்டும்தான். அதை வைத்து அவர் அந்த இடத்தை மூடினார்.

அண்ணன் அதை வைத்து வருடக்கணக்கில் அவளைக் கேலி செய்தான். அப்பா ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. அதற்குப் பதிலாக விசித்திரமான ஒரு காரியம் செய்தார். போட்டு முடித்த தரைகளைப் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு போய், தட்டிக் காட்டி, "அடியில பொத்தலா இருக்கா, கேட்டுச் சொல்லு," என்பார். குடிநீர் அலுவலகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், "எம் பொண்ணு காது பொய் சொல்லாது சார்," என்று போய்ச் சொன்னவரும் அவர்தான். பாவம், மகளைத் தேற்றுகிறார் என்றுதான் அவள் அப்போதும் நினைத்தாள்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கறுப்புச் சதுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொறியாளர் சொன்னது சரி. சத்தம் காதை அடைத்தது. ஆனால் மொத்தையாக இருந்தது, மூடிய அறைக்குள் யாரோ சத்தம் போட்டுப் பேசுவது போல. அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சுகிற இடத்துக்கே உரிய மெல்லிய சீறல் அதில் இல்லை.

"இங்க இல்ல சார்," என்றாள்.

"அக்கா, முள்ளப் பாருங்க."

"முள்ளு பெருசா சின்னதான்னுதான் சொல்லும். தெருவுலேருந்து வர்ற இரும்புக் குழாய் இந்த மூலையிலதான் வளையுது. எங்கயோ கத்தறது இங்க வந்து முட்டுது."

பொறியாளர் எழுந்து நின்றார். கெட்ட மனுஷர் இல்லை. அதனால்தான் சொல்லத் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் ரெண்டு குழி. இது உங்க அப்பா போட்ட தரைன்னு இவர் சொன்னாரு. வேற வீடா இருந்தா நீங்க இப்படிச் சொல்வீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் அவர் கேட்ட கேள்வியை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருமுறை இதே மூலையில், ஆசைப்பட்டதைக் கேட்டதாகச் சொன்னவள் அவள். இன்றைக்கு ஆசை வேறு பக்கம் இழுக்கிறது. அவ்வளவுதானே வித்தியாசம்?

அண்ணன் மெஷினில் கையை ஊன்றியபடி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

"சார், என் கண்ணக் கட்டிடுங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"நான் இந்தச் சுவரப் பாத்து உக்காந்துக்கறேன். ஒயரு நீளமானதுதானே? தட்ட எடுத்துட்டுப் போயி உங்களுக்குத் தோணுற இடத்துல எல்லாம் வைங்க. உள்ள, வெளிய, தெருவுக்கு அந்தப் பக்கம். எங்க வெச்சீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. நான் கேக்கறத மட்டும் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க. தரை யாரோடதுன்னு தெரியாத காதுக்கு ஆசை எங்கேருந்து வரும்?"

அண்ணன் வெட்டு மேசையிலிருந்து ஒரு நீளத் துணியை எடுத்து வந்தான். அவனேதான் கட்டினான். பின்னந்தலையில் இரட்டை முடிச்சு, அந்தக் காலத்தில் போட்டது போலவே. பழக்கதோஷத்தில் அவள் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

முதல் இடம். "பெருசு. மொத்தை." இரண்டாவது. "நடுத்தரம். மொத்தை." மூன்றாவது. "சின்னது. ஒண்ணும் இல்ல." நான்காவது வந்தபோது தலையைச் சாய்த்தாள். "ரொம்பச் சின்னது. ஆனா கூர்மையா இருக்கு. ஊசி மாதிரி." ஐந்தாவது. "பெருசு. மொத்தை." கொஞ்சம் நிறுத்தி, "சார், இது மொதல்ல வெச்ச இடம். யாருக்குக் காது குத்தறீங்க?" என்றாள்.

பொறியாளர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தான். சின்ன வயதில் அவனும் அதே வேலையைத்தான் செய்வான். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

ஆறாவது இடம். அவள் கை தானாக ஹெட்போனை அழுத்தியது. மொத்தைச் சத்தத்துக்கு அடியில் அது இருந்தது. மெல்லியது, சோம்பேறி, பிறந்த இடத்தைவிட்டு நகராதது. "இங்க," என்றாள். "இங்கதான் சார். எங்க வெச்சிருக்கீங்க?"

கட்டை அவிழ்த்துப் பார்த்தால் பொறியாளர் எதிர்ச்சாரியில் சலவைக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான்காவது இடம் அதற்கு ஒன்றரைக் கெஜம் தள்ளி. அவர் தட்டை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்து முள்ளைப் பார்த்தார். அது பாதிக்கும் கீழே கிடந்தது. தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார்.

"சரி. ஒரு குழி. அங்க காஞ்சு போச்சுன்னா வீட்டுக்குள்ள உடைச்சே ஆகணும், சுவரு தாங்காது. நான் ரிப்போர்ட்டும் எழுதித்தான் ஆகணும் அக்கா. அடுத்த மாசத்துலேருந்து உங்களுக்குக் கேக்கற வேலை இருக்காது," என்றார்.

"எழுதுங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டு, கண்ணில் கட்டியிருந்த துணியை மடித்து வெட்டு மேசையில் வைத்தாள்.

தெருவை உடைக்கிற மெஷின் ஆள் வந்தார். சலவைக்கடைக்காரர், தேய்த்து வைத்த துணியெல்லாம் தூசி ஆகிறது என்று ஒரு பாட்டம் கத்தினார். முழங்கால் ஆழம் போனது. காய்ந்த மண். தொடை ஆழம் போனது. அதுவும் காய்ந்த மண். மெஷின் ஆள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னைக்கு ஒங்க காதுக்கு லீவு போல," என்றார். புகார் ஜன்னலின் கம்பிகளும், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தன் முகமும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன.

மண்வெட்டி இன்னும் இரண்டு தடவை போனது. மூன்றாவது தடவை மண் கறுத்து வந்தது. அடுத்த கொத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு பீய்ச்சல் கிளம்பி மெஷின் ஆளின் மூக்கிலேயே அடித்தது. "குளிச்சாச்சு, குளிச்சாச்சு!" என்று அவர் கத்திக்கொண்டே மேலே தாவினார். பிரதானக் குழாயிலிருந்து அண்ணன் வீட்டுக் குழாய் பிரிகிற இடம் அது. ஒழுகின தண்ணீர் குழாய் போன தடத்தையே பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வீட்டுக்குள் வந்திருக்கிறது. பொறியாளர் கையிலிருந்த தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். அவளுக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது.

வால்வை மூடிவிட்டுக் குழாயை மாற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் இரண்டு கிளாஸ் டீயோடு அவளை உள்ளே கூப்பிட்டான். இரண்டு பேரும் வெட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்து, சின்ன வயதில் போலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த டைம்பீஸ்," என்றான் அண்ணன்.

"இப்ப எதுக்கு அது?"

"அது அன்னைக்கு வீட்டுலயே இல்ல. பரண்ல ஏத்தும்போது கை தவறி விழுந்துடுச்சு. முள்ளு தனி, ஸ்பிரிங்கு தனி. நீ வாசல்ல நூறு எண்ணிட்டிருந்த. துணியில சுத்தி குப்பை வண்டியில போட்டுட்டேன். அப்பாவுக்குப் பயம்."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "அடப்பாவி! மூணு நாளு தேடினேனே!"

"இரு, நான் சொல்ல வந்தது அது இல்ல." அவன் அளவு நாடாவை விரலில் சுற்றினான், பிரித்தான். "அப்பா தரைய உடைச்சப்ப நீ உள்ள போய்ப் படுத்துட்ட. நான்தான் லைட்டு புடிச்சிட்டிருந்தேன். உள்ள மண்ணு ஈரமா இருந்துச்சு. குழாய் வளையற மூட்டுல சொட்டிட்டிருந்துச்சு. டிக், டிக்குன்னு. அப்பா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் மூட்ட இறுக்கினாரு. 'பதினோரு வயசுப் பொண்ணு, தரைக்குள்ள ஒரு சொட்டக் கேட்டிருக்காடா. போய் அவகிட்ட சொல்லு'ன்னாரு."

"நீ சொல்லல."

"எப்படிச் சொல்றது? நீ கேட்டது தண்ணின்னு சொன்னா, அப்ப டைம்பீஸ் எங்கன்னுதானே அடுத்து கேப்ப? அப்பா கடைசி வரைக்கும் நான் சொல்லிட்டேன்னுதான் நெனச்சிட்டிருந்தாரு. இன்னைக்கு நீ கண்ணக் கட்டச் சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. நான் பண்ணதுலதான் ஒனக்கு அந்த பயம்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அப்பா தேற்றவில்லை. ஒருநாளும் தேற்றவில்லை. அந்தத் தரைகளையெல்லாம் தட்டிக் காட்டிக் கேட்டபோதும், அலுவலகத்தில் போய்ச் சொன்னபோதும், மனுஷர் நிஜமாகவே நம்பித்தான் கேட்டிருக்கிறார், நம்பித்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு 'ச்' கேட்கிறது என்று சொன்னது பொய்தான். டிக் பொய்யில்லை. இத்தனை வருடமும் அது அவளுக்குத் தெரியாமல் போயிற்று, அவருக்குத் தெரிந்தே இருந்தது.

பழக்கதோஷத்தில் அண்ணன் கையைப் பிடித்துக் கடித்தாள். பலமாகவே கடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் புதுக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். பொறியாளர் கருவியை மூட்டை கட்ட வந்தபோது, "அஞ்சு நிமிஷம் சார்," என்று வாங்கிக்கொண்டாள். முன்னறைக்கு வந்து, இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டு போன கறுப்புச் சதுரத்தின் மேல் நேராகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டைப் பக்கத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டி, சமையலறைக் குழாயைத் திறந்து மூடச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி அண்ணன் தலையில் மாட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டான்.

"ஒண்ணும் கேக்கலியே," என்றான்.

"ஆமா. அப்பா இறுக்கின மூட்டு," என்றாள் அவள். "இன்னும் ஒரு சொட்டு விடல."